ஒரே ஒரு தொட்டி: வெள்ளைக் கரிசலாங்கண்ணியா, மஞ்சளா?

என் தங்கை வீட்டு மொட்டை மாடியில் வெயில் நன்றாக விழுவது தெற்கு ஓரத்தில் மட்டும்தான். தக்காளிக்கும் கத்தரிக்கும் கொடுத்தது போக அங்கே ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் மிச்சம். அதில் கரிசலாங்கண்ணி வைப்பது என்று முடிவு செய்தவள் போன மாதம் போன் போட்டாள். "ரெண்டையும் வைன்னு சொல்லாதக்கா. வெள்ளையா, மஞ்சளா? ஒண்ணச் சொல்லு."

மஞ்சள் என்று சொன்னேன். அதோடு, வாங்கப் போகும் செடி மஞ்சள் கரிசலாங்கண்ணிதானா என்று இலையைப் பார்த்துவிட்டு வாங்கு என்றும் சொன்னேன். முதல் பதிலுக்கு அரை நிமிஷம்தான் ஆனது. இரண்டாவதை விளக்கத்தான் முக்கால் மணி நேரம் பிடித்தது. இதே குழப்பம் நிறையப் பேருக்கு இருப்பதால் அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் உறவுமுறை. இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம். சாமந்தி, துலுக்கச்சாமந்தி எல்லாம் இவற்றுக்குச் சொந்தக்காரர்கள். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. நடுவில் பொடிப்பொடியாகப் பல பூக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் இதழ் போலத் தெரிபவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் தாவரவியல் பெயர் எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா. மஞ்சளுக்கு இன்றைய பெயர் ஸ்பாக்னெடிகோலா கேலண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடிலியா சைனென்சிஸ் என்றோ வெடிலியா கேலண்டுலேசியா என்றோ இருக்கும். பேரினம் வேறு, குடும்பம் ஒன்று. அண்ணன் தம்பி இல்லை, பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் வெள்ளைக்குக் கையாந்தகரை, கரிசாலை, கையான் என்று பெயர்கள் உண்டு. மஞ்சளைப் பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். பொன் தலை கொண்ட கையாந்தகரை! நீண்ட காம்பின் நுனியில் அந்த ஒற்றை மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தவர்தான் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே "கரிசலாங்கண்ணிப் பொடி" என்று கேட்டால் எதைத் தருவார்கள் என்பது அந்தந்தக் கடையைப் பொறுத்தது. வெள்ளையா மஞ்சளா என்று நிறம் சொல்லிக் கேட்பது நல்லது.

வரப்போரத்து வெள்ளை

நான் பிறந்து வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் வெள்ளைக் கரிசலாங்கண்ணியை யாரும் நட்டதாக எனக்கு நினைவில்லை. வாய்க்கால் கரை, வரப்பு, கை பம்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் சேறு என்று எங்கும் கிடக்கும். வயலுக்குள் வந்துவிட்டால் அது களை. நாற்று விட்டு நடும் வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதால் ஓரளவு அடங்கிக் கிடக்கும். நேரடி விதைப்பு வயலில் நெல்லோடு சேர்ந்தே தலைதூக்கிவிடும். களை எடுக்கப் போகும் பெண்கள் பிடுங்கியதில் ஒரு கைப்பிடியை மட்டும் வீசாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். அது தலைக்கு எண்ணெய் காய்ச்ச.

செடியைக் கிட்டத்தில் பாருங்கள். தண்டு பெரும்பாலும் செம்மை ஓடியிருக்கும். இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல், தண்டோடு ஒட்டி நீளமாகக் கூர்த்திருக்கும். தடவினால் சொரசொரப்பு, தண்டிலும் இலையிலும் படுத்த மயிர்கள். பூ சின்னச் சட்டைப் பொத்தான் அளவு. வெள்ளை இதழ்கள் நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டியது போல அவ்வளவு சன்னம். இதழ் உதிர்ந்ததும் பச்சைப் பொத்தான் மிஞ்சும். அதைக் குறுக்கே கிள்ளிப் பார்த்தால் குட்டிச் சூரியகாந்தித் தட்டில் விதை அடுக்கியது மாதிரி இருக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை போதும். இளந்தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். முதலில் பச்சைச் சாறு. ஐந்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பார்த்தால் கை நீலம் பாய்ந்த கறுப்பாக மாறியிருக்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. சிலர் கிணற்றடிப் பூண்டை, அதாவது வெட்டுக்காயப் பூண்டை, கரிசலாங்கண்ணி என்று பறித்து வந்துவிடுகிறார்கள். அதன் பூவுக்கு நடுவில் மஞ்சள் இருக்கும், காம்பு ஒரு சாண் நீளம் போகும், இதழ்கள் அகலமாக நுனியில் மூன்று பல் வெட்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் அந்தத் தவறு நேராது.

பொன் தலைக்காரி

மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு குணம். வெள்ளை பெரும்பாலும் ஒரு பருவத்துச் செடி. மழையோடு முளைத்து, பூத்து, விதை சிந்திக் காய்ந்துவிடும். மஞ்சள் பல வருஷம் இருக்கும். தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே போகும். இலை நீளவாக்கில் குறுகி, ஓரம் வழவழப்பாகவோ இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பற்களோடோ இருக்கும். இலை மூன்று மடலாகப் பிரியாது. இதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி இது தேவைப்படும். பூ வெள்ளையைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிது. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு, தெளிந்த மஞ்சள், ஒவ்வொரு காம்புக்கும் ஒன்றுதான்.

இது ஆசியச் செடி. இந்தியா, இலங்கை தொடங்கிச் சீனா, ஜப்பான் வரை ஈரமான நிலங்களில் இயல்பாக வளர்வது. ஆனாலும் வெள்ளை கிடப்பது போல இதை வழியில் பார்க்க முடிவதில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கென்று தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் நர்சரியில் வாங்குகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நடுவில் புகுந்த மூன்றாவது செடி

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டு இரண்டு கவர் வாங்கிவந்தேன். கொல்லைக் குழாயடியில் நட்டேன். ஒரு மாதத்தில் அந்த இடமே பச்சை. பளபளவென்று கெட்டி இலை, நாள் தவறாமல் மஞ்சள் பூ. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். ஒரு நாள் அதைக் கிள்ளிப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். மாமியார் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிறுத்தினார். "இது நம்ம கையாந்தகரை இல்லையே. எங்கே புடிச்சே இத?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் இலையைப் பறித்துப் பார்த்தார். "கரிசாலைக்கு ஏது இப்படி மூணு விரல்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நான் நட்டது ஸ்பாக்னெடிகோலா ட்ரைலோபேட்டா. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு உடன்பிறந்த இனம், ஒரே பேரினம். "ட்ரைலோபேட்டா" என்றாலே மூன்று மடல் கொண்டது என்றுதான் அர்த்தம்; மாமியார் விரல் கணக்கில் சொன்னதைத் தாவரவியலாளர்கள் லத்தீனில் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதைச் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். பெயரில்தான் சிங்கப்பூர். சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். அழகுக்காகவும் தரையை மூடவும் உலகம் முழுக்கக் கொண்டுபோய் நட்டார்கள். நம் ஊர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில், சாலை நடுத்திட்டில், பூங்காவில் பச்சைப் பாய் விரித்த மாதிரி மஞ்சள் பூவோடு கிடப்பது பெரும்பாலும் இதுதான்.

உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் இந்தச் செடி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது என்று சட்டமே உண்டு. நாம் அதைக் கவரில் போட்டு மூலிகை என்று விற்கிறோம், வாங்குகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். தெரிந்து ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் பூ, படரும் தண்டு, ஒரே ஜாடை. மொத்தமாக நாற்று வாங்கி விற்பவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

இது பரவுவதற்கு விதைகூடத் தேவையில்லை. கணு உள்ள ஒரு துண்டு ஈரமண்ணில் பட்டால் போதும். நான் கொல்லையிலிருந்து எடுக்க முயன்றபோதுதான் அதன் பிடிவாதம் தெரிந்தது. மண்வெட்டியால் கொத்தினால் ஒரு கொடி பத்துத் துண்டாகும், பத்தும் துளிர்க்கும். கடைசியில் உட்கார்ந்து கையாலேயே வேரோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சிமெண்டுத் தரையில் பரப்பி, சருகாகும்வரை காயவிட்டு, அதற்குப் பிறகுதான் குப்பையில் சேர்த்தோம். முழுதாக அற்றுப்போக இரண்டு மழைக்காலம் ஆனது. இதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தால் நாமே தண்ணீரில் விதைத்த மாதிரி ஆகிவிடும். ஈரநிலத்தில் இறங்கிவிட்டால் கீழே வேறொன்றையும் எழ விடாது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குத் தேவையும் அதே ஈரநிலம்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தென் சீனாவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த இடங்களில் தானாகவே கலப்பினம் உருவாகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உடன்பிறந்த இனம் என்பதால் வரும் வினை. வந்தேறி இடத்தைப் பிடிப்பதோடு நிற்காமல், இருக்கும் சொந்தச் செடியின் பரம்பரையிலும் கலக்கிறது.

சரி, எப்படிப் பிரித்து அறிவது? பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டும் மஞ்சள்தான். வந்தேறியின் பூ கொஞ்சம் பெரிதாக, நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், அவ்வளவே. இலையைப் பாருங்கள். வந்தேறியின் இலை அகலம், தடிப்பு, மேல்பக்கம் எண்ணெய் தடவினாற்போல் மினுக்கு, நடுவில் ஒரு பெரிய மடலும் இருபுறமும் இரண்டு சிறு மடலுமாகப் பிரிந்திருக்கும். எல்லா இலையும் அப்படி இருக்காது. அதனால் ஒரு இலையோடு நிறுத்தாமல் பத்து இலையைப் புரட்டுங்கள். மூன்று மடல் இலை ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலும் அது வேண்டாம். நம் செடியின் இலை ஒடிசல். மினுக்கு கிடையாது, தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். அப்படியும் தீராவிட்டால் பூவும் இலையுமாக ஒரு கிளையை நாளிதழுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டிக் கேட்கலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராபினட் உலர்தாவரகம் போன்ற இடங்களில் தமிழ்நாட்டுச் செடிகளின் உலர்த்திய மாதிரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அடுப்படியில் எது?

மூன்றாவது செடியை ஒதுக்கிவிட்டால் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பது சுலபம். அடுப்பங்கரைக்கு என்றால் மஞ்சள். இலை மிருது, கசப்பு குறைவு, குழந்தைகளும் சாப்பிடுவார்கள். வெள்ளையையும் கீரையாகச் சாப்பிடுவதுண்டு. ஆனால் முற்றினால் நாக்கில் உரசும், கசப்பும் கூடும். கொழுந்தாகக் கிள்ளினால்தான் சரிப்படும்.

எங்கள் வீட்டுப் பழக்கம் இது. பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, இரண்டு கைப்பிடி மஞ்சள் கரிசலாங்கண்ணி இலையைப் பொடியாக அரிந்து போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்து இறக்குவோம். தேங்காய் வேண்டுமானால் கடைசியில். அதிகம் கொதிக்கவிட்டால் இலை கறுத்துச் சுவை மாறிவிடும். துவையல் என்றால் நல்லெண்ணெயில் இலையைச் சுருள வதக்கி உளுந்து, மிளகாய், புளியோடு அரைப்பது. தினமும் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும்.

வடலூர் வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் முசுமுசுக்கையையும் எவ்வளவு உயர்வாகச் சொன்னார் என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். அவர் வழியில் நடப்பவர்கள் இன்றும் இவற்றோடு சீரகம் சேர்த்த சூரணத்தைக் காலையில் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அங்கேயும் பொற்றலை என்று மஞ்சளைத் தனியாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது.

தலைக்கும் கண்ணுக்கும் எது?

இதில் வெள்ளைக்குத்தான் முதலிடம். அதன் சாற்றில் உள்ள கறுப்பை நம் ஆட்கள் எத்தனை விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! பச்சை குத்துகிறவர்கள் கரியோடு இந்தச் சாற்றைக் குழைத்துக்கொள்வதுண்டு. எங்கள் அப்பாயி கண்மை செய்ததை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கரிசலாங்கண்ணியை வேரை நீக்கி அம்மியில் அரைத்துப் பிழிவார். பழைய வெள்ளை வேட்டித் துண்டை அந்தச் சாற்றில் நனைத்து நிழலில் காயவைப்பார். காய்ந்ததும் மறுபடி நனைப்பு. இப்படி மூன்று நான்கு தடவை ஆனதும் துணி விறைத்துக் கருநீலமாகிவிடும். அதைத் திரியாகத் திரித்து அகலில் விளக்கெண்ணெய் விட்டு ஏற்றி, மேலே இரண்டு செங்கல் வைத்துப் பித்தளைத் தட்டைக் கவிழ்ப்பார். விடிந்து பார்த்தால் தட்டின் அடியில் வெல்வெட்டுப் போலக் கரி. கோழி இறகால் அதை வழித்து, சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. எங்கள் வீட்டில் பிறந்த அத்தனை குழந்தைகளின் நெற்றியிலும் அந்தப் பொட்டு இருந்தது. கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதால், நான் என் பிள்ளைகளுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் வைத்தேன்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது எல்லோரும் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு. சாறும் தேங்காயெண்ணெயும் (எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்) சம அளவு விட்டு இளந்தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று பொரியும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கும். அடியில் தங்கும் வண்டலை எடுத்து விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். மெழுகு மாதிரி ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மணல் மாதிரி உதிர்ந்தால் இறக்கிவிடலாம். ஈரத்தோடு பாட்டிலில் அடைத்த எண்ணெய் ஒரு வாரத்தில் ஊசிப்போகும். இந்த எண்ணெய் தலைக்குக் குளிர்ச்சி, முடிக்குப் பளபளப்பு; இதை என் அனுபவத்தில் சொல்வேன். நரைத்த முடியை வேரிலிருந்து கறுப்பாக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதற்கு மனிதர்களிடம் செய்த உறுதியான சான்று இல்லை.

மஞ்சளிலும் எண்ணெய் காய்ச்சலாம். ஆனால் அந்தக் கருமையும் வீரியமும் வெள்ளைக்குத்தான் என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

இருவருக்கும் பொதுவான ஒரு பொருள்

சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றிய கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகியோரும் 1956-இல் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். செடியின் அன்றைய பெயர் வெடிலியா என்பதால் அதற்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். அந்த வெடிலியா என்ற பெயரோ ஜெர்மனியின் யேனா நகரத்துப் பேராசிரியர் கேயார்க் வோல்ஃப்காங் வெடல் (1645–1721) நினைவாக வந்தது. இதே பொருள் வெள்ளையிலும் இருக்கிறது. இன்று வெள்ளைக் கரிசலாங்கண்ணிப் பொடியின் தரத்தைச் சோதிக்கும்போது வெடெலோலாக்டோன் எவ்வளவு இருக்கிறது என்றுதான் அளக்கிறார்கள். செடியின் தாவரவியல் பெயர் மாறிவிட்டாலும், மஞ்சளின் பழைய பெயர் வெள்ளையின் தரச் சான்றிதழில் உட்கார்ந்திருக்கிறது. சென்னைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நடந்த இந்த வேலை நம் பாடப்புத்தகங்களில் வந்தால் நன்றாக இருக்கும்.

கல்லீரலுக்கு இரண்டும் நல்லது என்று மரபில் சொல்வதற்கும் ஆய்வகங்களில் எலிகளிடம் பார்த்ததற்கும் ஒத்துப்போகிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு. ஆகவே மருந்து என்ற வகையில் வெள்ளை பெரிதா மஞ்சள் பெரிதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண் மஞ்சளாகத் தெரிந்தால் கரிசலாங்கண்ணியை அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். காமாலை என்பது ஒரே நோய் இல்லை. கிருமித் தொற்றாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து காரணம் தெரிந்த பிறகு, சித்த மருத்துவரிடம் போவதானாலும் அந்த முடிவோடு போங்கள். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் சூரணம் தொடங்க வேண்டாம்.

எங்கே கிள்ளுகிறோம் என்பது

வெள்ளை இலவசமாகக் கிடைக்கிறதே, அதை ஏன் வளர்ப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய்க்கு மட்டும் என்றால் நானும் அதையேதான் சொல்வேன். சாப்பிட என்றால் யோசிக்க வேண்டும். இந்தச் செடிக்குச் சாக்கடை ஓரமும் பிடிக்கும். நகரத்துக் கால்வாய்களில் ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலக்கிறது. செடி உறிஞ்சிய உலோகத்தைக் கழுவி எடுக்க முடியாது. வயல் வரப்பில் இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள், எப்போது அடித்தார்கள் என்று பறிப்பவருக்குத் தெரியாது. வாய்க்கு என்றால் நம் மண்ணில் நம் தண்ணீரில் வளர்ந்ததுதான் நிம்மதி.

மஞ்சளை வளர்ப்பது எளிது. நான்கு கணு உள்ள தண்டை வெட்டி, அடி இரண்டு கணுவின் இலையை நீக்கி, அந்த இரண்டும் மண்ணுக்குள் போகும்படி படுக்கை வாட்டில் ஊன்றுங்கள். ஆழத்தைவிட வாய் அகன்ற தொட்டி வேண்டும், படர இடம் கேட்கும் செடி இது. செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் கலந்தால் போதும். ஈரம் காயவிடக் கூடாது. கோடையில் இரண்டு வேளைத் தண்ணீர். அரை நிழலிலும் வரும், வெயிலிலும் வரும், ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு மறைப்பு இருந்தால் இலை மிருதுவாக இருக்கும். அடிக்கடி கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் தண்டு நீண்டு இலை சிறுத்துவிடும்.

வெள்ளைக்கு விதைதான். காய்ந்து பழுப்பேறிய பொத்தான்களைக் கசக்கி ஈரமண்ணின் மேல் தூவிவிட்டு அப்படியே விடுங்கள். மேலே மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது; அந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். பலர் வெள்ளை வளர்க்கத் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

கொல்லையும் குழாயடியும் உள்ள வீடு என்றால் எந்தத் தேர்வும் தேவையில்லை. மஞ்சளைத் தொட்டியில் வைத்து, வெள்ளையைக் குழாயடியில் தூவிவிடலாம். தலைமுடிக்காக மட்டுமே தேடுபவர், வாய்க்கால் எட்டுகிற தூரத்தில் இல்லாதவர், தொட்டியை வெள்ளைக்குக் கொடுக்கலாம். வீட்டில் கீரை சாப்பிடும் ஆட்கள் இருந்து இடம் ஒன்றே ஒன்று என்றால், என் பதில் மஞ்சள். ருசி ஒரு காரணம். ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும் என்பது இன்னொன்று. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது மூன்றாவது காரணம்: வெள்ளை தானாக வந்துவிடும், மஞ்சளை யாராவது வைத்துக் காப்பாற்றினால்தான் உண்டு. சரியான செடி வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்கு நாலு தண்டு வெட்டிக் கொடுத்தால் மூன்று மடல் இலைக்காரியை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்காது.

என் தொட்டியிலிருந்து ஆறு தண்டை ஈரத் துணியில் சுற்றித் தங்கைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். ஐந்து பிடித்துக்கொண்டது. நேற்று அவளிடமிருந்து இரண்டு போட்டோ வந்தது. முதலாவதில் அவளுடைய தக்காளித் தொட்டி. தூரில் ஒரு விரல் உயரத்துக்கு ஏதோ செடி, எதிரெதிராகக் கூர் இலை, நுனியில் மிளகளவு வெள்ளைப் பூ. தொட்டிக்குப் போட்ட வயல்மண்ணோடு வந்திருக்க வேண்டும். இரண்டாவது போட்டோவில் அவள் உள்ளங்கை. நடுவில் கருநீலமாக ஒரு கறை.